இயந்திரத்துக்குத் தோல் வரட்டும். அதுவரை குழிக்குள் யார் இறங்குவது?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஒரு தங்கை பேசினார். பொறியியல் இறுதியாண்டு மாணவி. அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எடுத்துக்கொண்ட தலைப்பு, மின்னணுத் தோல். ரப்பர் போல வளையும் உணரிகளை ரோபோவின் விரல்மீது போர்த்தினால் அது தொட்டு அறியும் என்பதைப் படம் படமாகக் காட்டினார். கடைசிப் படத்தில் ஒரு மேன்ஹோல், அதற்குள் இறங்கும் ஒரு ரோபோ கை. "இந்தத் தொழில்நுட்பம் முழுமையாக வந்துவிட்டால் மலக்குழி மரணம் என்பதே இருக்காது தோழர்களே" என்று முடித்தார். பலரும் கைதட்டினார்கள். எங்களில் சிலருக்குக் கை எழவில்லை.

கூட்டம் முடிந்த பிறகும் டீக்கடையில் நின்று இரவு பத்து மணி வரை வாதாடினோம். அன்று கோர்வையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம். அந்தத் தங்கையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்தக் கடைசி வரியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களோடுதான் சண்டை.

முதலில் அறிவியலைப் பார்த்துவிடுவோம். கேலி பேசித் தள்ளக்கூடிய விஷயமில்லை அது. மனிதக் கை ஒன்றின் உட்புறத் தோலில் மட்டும், தொடுதலை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகள் சுமார் 17,000 இருக்கின்றன. அழுத்தத்துக்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, பொருள் வழுக்குவதை அறிய ஒன்று, தோல் இழுபடுவதை அறிய ஒன்று என்று தனித்தனி உணர்முனைகள். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே ஐந்து ரூபாய்க் காசைப் பிரித்தெடுக்கிறோமே, அது சாதாரணக் காரியமில்லை. தோலில் படும் அழுத்தம் எப்படி நரம்புச் சைகையாக மாறுகிறது என்பதை மூலக்கூறு அளவில் கண்டறிந்ததற்காகவே 2021-இல் ஆர்டெம் படபூட்டியனுக்கு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைச் செயற்கையாகச் செய்யத்தான் கால் நூற்றாண்டாக ஆய்வகங்கள் முயல்கின்றன. அழுத்தினால் மின்தடை மாறும் பொருளை வைத்துச் செய்கிறார்கள். இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே மெத்தை போன்ற ரப்பரை வைத்து, அது நசுங்கும்போது மின்தேக்கு அளவு மாறுவதை அளக்கிறார்கள். அழுத்தினால் தானே மின்சாரம் பிறப்பிக்கும் படலங்களையும் பயன்படுத்துகிறார்கள். டோக்கியோவில் தகாவோ சொமேயாவின் குழு 2004 வாக்கில் கரிம டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வளையும் அழுத்த உணரித் தாளைச் செய்து காட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ஷெனான் பாவ் குழு 2010-இல் ரப்பர் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண் பிரமிடுகளை வார்த்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தால்கூட அந்தத் தோலுக்குத் தெரியும். சிங்கப்பூரில் பெஞ்சமின் டீயின் குழு 2019-இல் அறிவித்த மின்னணுத் தோல், மனித நரம்பு மண்டலத்தைவிட ஆயிரம் மடங்கு விரைவாகத் தொடுதலைக் கடத்தும் என்றார்கள்.

ஓர் ஈயின் எடை தெரிகிற தோல்! மலக்குழியின் மூடியைத் திறந்ததும் முகத்தில் மொய்க்கும் ஈக்களைப் பற்றி எங்கள் அண்ணன்கள் நிறையச் சொல்வார்கள். அது கிடக்கட்டும்.

தங்கை ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். சாக்கடைக்குள் ரோபோவை விட்டால் கேமரா அதிகம் உதவாது. கறுப்புத் தண்ணீர், சேறு, இருட்டு. அங்கே கண்ணுக்கு வேலை குறைவு, தொடுதலுக்கே வேலை. அடைத்துக் கிடப்பது துணியா, மண்ணா, மரவேரா, கட்டட வேலையில் கொட்டிய சிமெண்டா என்று தொட்டால்தான் தெரியும். ஆகவே தொட்டறியும் விரல் இருந்தால் ரோபோ நன்றாக வேலை செய்யும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை.

ஆனால் குழிக்குள் இறங்கும் மனிதர் சாவது ரோபோவுக்குத் தொடு உணர்வு இல்லாததாலா?

எதனால் சாகிறார்கள் என்று பாருங்கள். மூடிக் கிடக்கும் கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கைத் தாண்டினால் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நொடிதான் கொல்லும் நொடி. இன்னும் சில மடங்கு கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் சாய்வார், அவருக்குப் பின்னால் இறங்கும் மூன்றாமவரும் சாய்வார். செய்தித்தாளில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவதன் காரணம் இதுதான்.

இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி புது ஆராய்ச்சி எதற்கும் காத்திருக்கவில்லை. சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் அளவில், ஒரு கைபேசி விலைக்குக் கடையில் கிடைக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பொறியாளரின் மார்பில் பல்லாண்டுகளாக அது தொங்குகிறது. அடைப்பை நீர் அழுத்தத்தால் உடைக்கும் ஜெட் ராடிங் வண்டியும், கழிவை உறிஞ்சும் லாரியும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ரோபோவும் வந்துவிட்டது. திருவனந்தபுரத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்த பாண்டிகூட் 2018-இலேயே மேன்ஹோலுக்குள் இறங்கியது. கும்பகோணத்துக்கும் கோவைக்கும் வந்தது. சென்னை ஐஐடியில் பிரபு ராஜகோபால் குழு செப்டிக் டேங்கில் இறுகிய கசடை உடைக்கும் ஹோமோசெப் கருவியைச் செய்தது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் உதவியுடன் அதன் முதல் கருவிகள், இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் வழிநடத்தும் குழுக்களுக்குப் போயின. நல்ல காரியம், யார் செய்தாலும் பாராட்டுவோம். இவற்றுக்கு ஈயின் எடை அறியும் தோல் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழிக்குள் மனிதர் இறங்காமல் இருக்கத் தேவையான அளவு கருவி நேற்றே இருந்தது.

பிறகு ஏன் இறங்குகிறார்கள்? இரவு ஏழு மணிக்கு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டி நிரம்பி வழிகிறது. லாரிக்கும் கருவிக்கும் சொன்னால் நாளை காலைதான் வரும், பில்லும் கூடும். மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டால் அரை மணி நேரத்தில் இரண்டு பேர் கயிறோடும் வாளியோடும் வந்து நிற்பார்கள். கையில் கொஞ்சம் காசும், நாற்றம் தெரியாமலிருக்க ஒரு குவார்ட்டரும் கொடுத்தால் போதும். இந்தக் கணக்கில் இயந்திரம் எப்போதும் தோற்கும். எங்கள் உயிர் அவ்வளவு மலிவாக இருக்கும்வரை எவ்வளவு புத்திசாலியான ரோபோவும் குடோனில் தூசி படிந்துதான் கிடக்கும். மலிவாக வைத்திருப்பது எது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் எடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92. திறமைப் போட்டி வைத்து ஆள் எடுத்ததால் வந்த கணக்கா இது?

1993-இல் முதல் தடைச் சட்டம் வந்தது. 2013-இல் இரண்டாவது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்யத் தடை போட்டது. முதல் சட்டம் வந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தரும் சாவுப் பட்டியல்களில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் நின்றிருக்கிறது. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த முதலிடத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

கருவி பற்றிப் பேசும் மாணவர்கள் 2013 சட்டத்தின் 2ஆம் பிரிவை ஒருமுறையாவது படிக்க வேண்டும். மின்னணுத் தோலுக்கும் அந்தச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்பது அங்கேதான் இருக்கிறது. சாக்கடையை மனிதர் சுத்தம் செய்வதெல்லாம் 'ஆபத்தான துப்புரவு' ஆகிவிடாது. வேலை கொடுப்பவர் பாதுகாப்பு உடையும் கருவியும் தராமல், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்காமல் செய்ய வைத்தால்தான் அது குற்றமாகும். அதேபோல், அரசு அறிவித்த கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தை அகற்றுகிறவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். அதாவது ஒரு ஜோடி கையுறையை மாட்டிவிட்டால் ஆள் காகிதத்திலிருந்து மறைந்துபோகிறார். அவருடைய சாதி, அவருடைய வேலை, அவருடைய சாவு எல்லாம் அப்படியே இருக்கும். பெயர் மட்டும் மாறிவிடும். 2021-இல் ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று சொன்னார். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்கள் வேறு கணக்கில் எழுதப்பட்டார்கள். நாடே கொதித்திருக்க வேண்டிய பதில் அது.

நாளைக்கு உணரிகள் பதித்த கையுறை ஒன்று சந்தைக்கு வரலாம். நல்ல நோக்கத்தோடுதான் செய்வார்கள். அதை மாட்டிக் குழிக்குள் இறக்கிவிட்டு, "கருவி தந்தாயிற்று, இனி இது ஆபத்தான துப்புரவு அல்ல" என்று ஒப்பந்ததாரரின் வக்கீல் வாதாடுவாரா, மாட்டாரா? வழக்குகள் எங்கே போய் முடிகின்றன என்று பார்த்தவர்களுக்கு இது கற்பனையாகத் தெரியாது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இந்த வேலையில் ஈடுபடுத்துவதே வன்கொடுமை என்று 2016 ஜனவரி முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பிரிவைச் சேர்க்க வைப்பதற்குள், பிணத்தை வாங்க மறுத்து மருத்துவமனை வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது.

தொடு உணரிகளின் வரலாற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு கதை இருக்கிறது. அது தமிழ்நாட்டோடு தொடர்புள்ளது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று ஊரே நம்பிய காலம். விரல்களை அழிப்பது நோய் நேரடியாக அல்ல, உணர்வு போனதுதான் காரணம் என்று அவரும் அவருடைய தோழர்களும் காட்டினார்கள். சூடு தெரியாமல் பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், வலி தெரியாமல் காயத்தின்மேல் நடக்கிறார்கள், அதனால்தான் கை கால் தேய்கிறது.

பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே ஒரு முயற்சி செய்தார். கையுறையிலும் காலணியிலும் அழுத்த உணரிகளை வைத்து, வலிக்குப் பதிலாக ஒரு எச்சரிக்கையை உண்டாக்குவது திட்டம். இன்றைய மின்னணுத் தோலின் பாட்டன் என்று சொல்லலாம். உணரிகள் ஓரளவு வேலை செய்தன. அழுத்தம் அதிகமானால் காதில் ஒலி வரும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிய வைத்தார்கள். அதற்கும் அதே கதி. கடைசியில் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இறுகிய திருகையோ ஆணியையோ திருப்ப வேண்டி வந்தால், முதலில் அந்தக் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். அணைக்கும் விசை அவர்கள் கையில் இருந்தது. பிராண்ட் முயற்சியைக் கைவிட்டார். பிற்காலத்தில் வலியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த நோயாளிகளைக் குறை சொல்ல மாட்டோம். அவர்களுக்கு அன்றைய வேலை முடிய வேண்டும். இந்தச் சமூகத்தின் உடம்பில் உணரிகளுக்கு என்ன பஞ்சம் என்றுதான் கேட்கிறோம். ஒவ்வொரு சாவும் ஓர் எச்சரிக்கை ஒலி. திவ்யபாரதி 2017-இல் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்து ஊர் ஊராகத் திரையிட முயன்றார். ஒலியைக் கேட்டுத் திருந்துவதற்குப் பதில் அவர்மேல் வழக்குப் போட்டு ஒலியை அணைக்கப் பார்த்தார்கள். பெஜவாடா வில்சன் எத்தனை ஆண்டாகக் கணக்கு கொடுத்துக்கொண்டிருக்கிறார். அணைக்கும் விசை ஒப்பந்ததாரர் கையிலும் அதிகாரி கையிலும் குடியிருப்போர் சங்கத் தலைவர் கையிலும் இருக்கிறது. அந்த விசையைப் பறிப்பதற்கு எந்த ஆய்வகமும் பேட்டன்ட் எடுக்கப்போவதில்லை.

இன்னொரு விஷயம். தமிழில் தோல் என்றால் உடம்பின் தோலும் தோல்தான், பதனிட்ட தோலும் தோல்தான். செத்த மாட்டின் தோலை உரித்து, பதனிட்டு, செருப்பும் பறையும் ஆக்கிய கைகளைத் தீட்டு என்றார்கள். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும், எங்கே இழுத்தால் கிழியும், எந்தச் சூட்டில் விறைக்கும் என்று விரலாலேயே அறிந்த அந்த அறிவை யாரும் பொருளறிவியல் என்று சொல்லவில்லை. இன்று ஆய்வகத்தில் ஒருவர் செயற்கைத் தோலை வார்த்து, எங்கே இழுத்தால் கிழியும் என்று சோதித்தால் அது உயர்ந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஆகிறது. ஆகட்டும். ஆனால் கையால் அறிவது கீழானது, மூளையால் அறிவதே மேலானது என்ற பழைய பிரிவினை பொறியியல் படிப்புக்குள்ளேயும் ஊறிக் கிடக்கிறது. சென்னை ஐஐடியை வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல் இதை விரிவாகப் பேசுகிறது. நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள்.

குழிக்குள் இறங்குகிறவருக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டதுண்டா? மூங்கில் பிளாச்சை விட்டு ஆட்டியதும், அது திரும்பித் தரும் அதிர்வில் அடைப்பு எவ்வளவு தூரத்தில், என்ன பொருள் என்று சொல்லும் அண்ணன்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். காலால் துழாவிக் கண்ணாடிச் சில்லையும் ஊசியையும் பிரித்தறிவார்கள். இந்த அறிவு அவர்கள் தோலில் வெட்டுக்காயமாகவும் புண்ணாகவும் எழுதப்பட்டது. ரோபோ விரலுக்குப் பயிற்சி கொடுக்கத் தரவு வேண்டும் என்கிறார்களே, அந்தத் தரவு இவர்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் நாள் வந்தால் கட்டுரையில் இவர்கள் பெயர் இருக்குமா, காப்புரிமையில் பங்கு இருக்குமா? சில ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, நாட்டின் 23 ஐஐடிகளின் ஆசிரியர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3 விழுக்காடுகூட இல்லை. 2020-இல் ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்தே ஐஐடிகளுக்கு விலக்கு கேட்டது ஒரு அரசுக் குழு. எங்களைத் தொட வேண்டிய அவசியமே வராத அறைகளில் உட்கார்ந்துதான் தொடுதலை ஆராய்கிறார்கள்.

சுந்தர் சருக்கை 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தீண்டாமை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கிறார். தொடப்படாதவரிடம் என்றுதான் உலகம் நினைக்கிறது. தொட மறுப்பவரிடம்தான் அது முதலில் குடியிருக்கிறது என்று வாதிடுகிறார். தொடுதல் என்ற புலனையே மூடிக்கொண்ட தோல் அது. மரத்துப்போன அந்தத் தோலுக்கு உணரி வைக்க நிதி ஒதுக்குவார் யாருமில்லை.

தங்கைகளே, தம்பிகளே, இதைப் படித்துவிட்டு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அதைத்தான் அவர்கள் விரும்புவார்கள். மின்னணுத் தோலைப் படியுங்கள், அதில் முனைவர் பட்டம் வாங்குங்கள், அந்த 3 விழுக்காட்டை உடையுங்கள். "தொழில்நுட்பம் வந்தால் சரியாகிவிடும்" என்ற வரியை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவிடாதீர்கள். அதை அரசு சொன்னால் காலம் கடத்துகிறது என்று அர்த்தம், ஒப்பந்ததாரர் சொன்னால் நாளைக்கும் ஆளை இறக்கப்போகிறார் என்று அர்த்தம். குழியில் மனிதர் இறங்குவதை நிறுத்துவது இன்றைய வேலை. உடனே, முழுதாக, எந்தக் கருவிக்கும் காத்திருக்காமல். வரும் கருவியின் உரிமையும் அதை ஓட்டும் வேலையும் நிரந்தரச் சம்பளத்தோடு இதுவரை இறங்கியவர்களுக்கே என்பது அடுத்தது. இல்லையென்றால் இயந்திரம் வந்த மறுநாள் அந்த வேலைக்கு ஐடிஐ சான்றிதழ் கேட்பார்கள். நாற்றம் போன வேலைக்கு வேறு சாதிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். எங்கள் அண்ணன் துடைப்பத்தோடு வெளியே நிற்பார்.

டீக்கடைச் சண்டைக்குப் பிறகு அந்தத் தங்கை சும்மா இருக்கவில்லை. கரி கலந்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, ரப்பர் கையுறையின் விரல்களில் ஒட்டி, சிறிய சர்க்யூட் ஒன்றோடு இணைத்து எடுத்துவந்தார். விரலை அழுத்தினால் கைபேசித் திரையில் கோடுகள் ஏறி இறங்கும். சென்ற ஞாயிறு அதை இருபது ஆண்டுக்கு மேல் அடைப்பெடுக்கும் வேலை பார்த்த ஓர் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் மாட்டிக்கொண்டு மேசையை அழுத்தினார், எங்கள் தோளை அழுத்தினார், திரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"இது கேஸ் இருக்குன்னு சொல்லுமாம்மா?"

"இல்லண்ணா, அதுக்கு வேற சென்சார் வைக்கணும்."

"தண்ணி உள்ள போனா?"

"கெட்டுப்போயிடும்ணா. மேல இன்னொரு உறை போடணும்."

"சரி, மெஷினே வந்துருச்சுன்னு வை. அதை ஓட்ட என்னைக் கூப்பிடுவாங்களா?"

தங்கை எங்களைப் பார்த்தார். நாங்கள் அண்ணனிடம், நகராட்சிக்குக் கொடுக்கப்போகும் மனுவில் அதுதான் முதல் கோரிக்கை என்று சொன்னோம். "முதல்ல உள்ள இறக்காதீங்கன்னு எழுதுங்க, அது ரெண்டாவதா இருக்கட்டும்" என்றார். அப்படியே மாற்றி எழுதியிருக்கிறோம். மனுவில் கையெழுத்து வாங்க இந்த ஞாயிறு காலை 7 மணிக்குக் குடியிருப்புக்குப் போகிறோம். தங்கையும் வருகிறார், வாயு உணரி ஒன்றைச் சேர்த்த புதிய கையுறையோடு. வர முடிந்தவர்கள் வாருங்கள்.